மூன்று கம்பியில் ஒரு யுத்தம்: 'டூம்' விளையாட்டில் இரண்டு கம்ப்யூட்டர்களை நேரடியாக இணைப்பது எப்படி?

(இரண்டாம் ஆண்டு மாணவன், மின்னணுவியல் - தொடர்பியல் துறை)



மாணவர் பேரவை மலருக்குக் கம்ப்யூட்டர் கேம் பற்றி எழுதப் போகிறேன் என்று சொன்னதும், "படிக்கிற பையன் எழுதுற விஷயமாடா இது?" என்று விடுதியில் கேட்டார்கள். படிக்கிற விஷயம்தான். நம் புத்தகத்தில் ஆர்எஸ்-232 என்று ஒரு பாடம் வருகிறது. ஒரு படம், ஒன்பது பின்களின் பெயர், கீழே இரண்டு வரி. மனப்பாடம் செய்கிறோம், எழுதுகிறோம், மறந்து போகிறோம். அந்தப் பாடம் உயிரோடு நடமாடுவதைப் பார்க்க வேண்டுமானால் பழைய 'டூம்' விளையாட்டைப் போல் வசதியான இடம் வேறு கிடையாது. இணைப்பு தப்பாக இருந்தால் எதிரி திரையில் வர மாட்டான். இதைவிடக் கறாரான எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் உண்டா?

முதலில் ஆள் யார் என்று தெரிந்து கொள்வோம். டூம், அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் இருந்த ஐடி சாஃப்ட்வேர் என்ற சின்னக் கம்பெனி 1993 டிசம்பர் 10 அன்று வெளியிட்ட விளையாட்டு. நாம் பிறப்பதற்கு ரொம்ப முந்தியது. டாஸ் இயங்குதளத்தில் ஓடும். முதல் பாகத்தின் ஒன்பது கட்டங்களை யாரும் இலவசமாக நகலெடுத்துக் கொடுக்கலாம் என்று அவர்களே அனுமதித்தார்கள். அதற்கு ஷேர்வேர் என்று பெயர். துப்பாக்கி, அரக்கர்கள், ரத்தம் எல்லாம் உண்டு, அதனால் வீட்டில் உள்ள சின்னத் தம்பி தங்கைகளுக்கு வேண்டாம். நெட்வொர்க்கில் நான்கு பேர் வரை சேர்ந்து ஆடலாம். 1994-ல் வந்த 1.2 பதிப்பிலிருந்து மோடம் வழியாகவோ, சீரியல் கேபிள் வழியாகவோ இரண்டு பேர் ஆடும் வசதியும் வந்தது.

இன்றைய ஆன்லைன் விளையாட்டுகளில் நீங்களும் உங்கள் நண்பனும் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாலும், உங்கள் குண்டு எங்கோ இருக்கும் கம்பெனியின் சர்வருக்குப் போய்விட்டுத்தான் அவன் மேல் படும். அந்த சர்வரை மூடினால் விளையாட்டும் மூடியாகிவிட்டது. 2014 மே 31 அன்று கேம்ஸ்பை என்ற சேவையை நிறுத்தினார்கள். அதை நம்பியிருந்த பழைய விளையாட்டுகள் பலவற்றில் ஆன்லைன் பகுதி அன்றோடு படுத்துவிட்டது. டூமுக்கு அந்தக் கண்டம் இல்லை. ஏனென்றால் அதில் சர்வரே கிடையாது. இரண்டு மெஷினும் ஒன்றோடு ஒன்று நேராகப் பேசிக் கொள்ளும்.

என்ன பேசிக் கொள்ளும்? இங்கேதான் அழகு. "நான் இந்த இடத்தில் நிற்கிறேன், அரக்கன் அந்த இடத்தில் நிற்கிறான், கதவு பாதி திறந்திருக்கிறது" என்றெல்லாம் ஒரு வார்த்தை கூட அனுப்புவதில்லை. ஆட்டக்காரன் எந்தச் சாவியை அழுத்தினான் என்பதை மட்டும்தான் அனுப்புகிறது! இரண்டு கம்ப்யூட்டரிலும் அதே விளையாட்டு, அதே கட்டம், அதே தொடக்கம். இரண்டுக்கும் அதே சாவி அழுத்தங்களை அதே வரிசையில் கொடுத்தால் இரண்டும் அதே முடிவுக்குத்தானே வர வேண்டும்? இரண்டு மாணவர்களுக்கு ஒரே கணக்கைக் கொடுத்து, ஒரே ஸ்டெப்பாகப் போடச் சொல்வது மாதிரி. விடையை ஒருவருக்கொருவர் காட்ட வேண்டிய தேவையே இல்லை.

டூமில் ஒரு செகண்டுக்கு 35 துடிப்புகள். அதை 'டிக்' என்பார்கள். ஒரு டிக்குக்கு ஒரு ஆட்டக்காரனுடைய செய்தி எவ்வளவு தெரியுமா? எட்டே பைட். முன்னே பின்னே போவதற்கு ஒன்று, பக்கவாட்டில் நகர ஒன்று, திரும்பும் கோணத்துக்கு இரண்டு, சரிபார்க்க இரண்டு, அரட்டை எழுத்துக்கு ஒன்று, சுடுதல் கதவு திறத்தல் போன்ற பட்டன்களுக்கு ஒன்று. இதெல்லாம் ஊகம் இல்லை. 1997 டிசம்பரில் ஐடி சாஃப்ட்வேர் இந்த விளையாட்டின் மூல நிரலை வெளியிட்டுவிட்டது. சி மொழி தெரிந்த யாரும் வாசித்துச் சரிபார்க்கலாம்.

"அரக்கன் எந்தப் பக்கம் திரும்புவான் என்பது ரேண்டம்தானே, அது எப்படி இரண்டு மெஷினிலும் ஒன்றாக இருக்கும்?" என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. டூமில் உண்மையான ரேண்டம் கிடையாது. 256 எண்கள் கொண்ட ஒரு பட்டியலை நிரலுக்குள்ளேயே எழுதி வைத்திருக்கிறார்கள். வரிசையாக ஒவ்வொன்றாக எடுத்துக் கொள்ளும், முடிந்தால் முதலிலிருந்து ஆரம்பிக்கும். இரண்டு மெஷினும் ஒரே பட்டியலை ஒரே இடத்திலிருந்து படிப்பதால் 'அதிர்ஷ்டமும்' இரண்டிலும் ஒன்றுதான்.

எப்போதாவது இரண்டும் பிசகினால்? அதற்குத்தான் அந்தச் சரிபார்க்கும் இரண்டு பைட். ஆட்டக்காரன் நிற்கும் இடத்திலிருந்து ஒரு எண் எடுத்து அனுப்புகிறது. எதிர் மெஷினின் கணக்கோடு அது ஒத்துப் போகவில்லை என்றால் 'கன்சிஸ்டென்சி ஃபெய்லியர்' என்று சொல்லி ஆட்டம் நின்றுவிடும். பெரும்பாலும் ஒருவரிடம் ஒரு பதிப்பு, இன்னொருவரிடம் மாற்றம் செய்த கோப்பு என்று இருந்தால் இது வரும். ஆகவே முதல் விதி: இரண்டு மெஷினிலும் ஒரே பென்டிரைவிலிருந்து ஒரே நகலைப் போடுங்கள்.

இந்த முறைக்கு 'லாக்ஸ்டெப்' என்று பெயர். இதற்கு ஒரு விலையும் உண்டு. ஒருவனுடைய டிக் வந்து சேராமல் மற்றவன் அடுத்த அடி வைக்க முடியாது. இரண்டு மாடு பூட்டிய வண்டிதான். மெதுவான மாடுதான் வேகத்தைத் தீர்மானிக்கும். உங்களிடம் எவ்வளவு நல்ல கம்ப்யூட்டர் இருந்தாலும் நண்பனுடையது திணறினால் உங்களுடையதும் திணறும். தொலைதூர இன்டர்நெட்டுக்கு இது ஒத்துவராது என்பதால்தான், அதே கம்பெனி 1996-ல் 'க்வேக்' விளையாட்டுக்கு சர்வர் முறைக்கு மாறியது.

சரி, கேபிளுக்கு வருவோம்.

பழைய கம்ப்யூட்டரின் பின்னால் ஒன்பது ஊசி நீட்டிக் கொண்டிருக்கும் ஆண் கனெக்டர் ஒன்று இருக்குமே, அதுதான் காம் போர்ட். நமக்கு வேண்டியது இரண்டு பெண் டிபி-9 கனெக்டர், மூடி, மூன்று நிறக் கம்பி. ரேடியோ ஸ்பேர்ஸ் கடையில் கேட்டால் கிடைக்கும்; எனக்கு நூறு ரூபாய்க்குள் முடிந்தது. இணைப்பு இதுதான்: இந்தப் பக்கம் 2, அந்தப் பக்கம் 3. இந்தப் பக்கம் 3, அந்தப் பக்கம் 2. 5-க்கு 5. ஒன்பது பின்னில் 2 என்பது கேட்கும் காது, 3 என்பது பேசும் வாய், 5 என்பது கிரவுண்டு. ஒருவன் வாய் இன்னொருவன் காதில் போய்ச் சேர வேண்டும், அதனால் குறுக்கே மாற்றுகிறோம். இதற்குத்தான் நல் மோடம் கேபிள் என்று பெயர். மோடம் இல்லாமலேயே மோடம் இருப்பதாக நம்ப வைக்கும் கேபிள்.

சில நிரல்கள் மற்ற பின்களையும் பார்க்கும். "எதிராளி தயாரா?" என்று கேட்டுவிட்டுத்தான் பேசவே ஆரம்பிக்கும். அவற்றைச் சமாளிக்க, ஒவ்வொரு முனையிலும் 7-ஐயும் 8-ஐயும் சேர்த்துப் பற்றவையுங்கள். 1, 4, 6 மூன்றையும் சேர்த்துப் பற்றவையுங்கள். தன் கேள்விக்குத் தானே "தயார்" என்று பதில் சொல்லிக் கொள்ளும் ஏற்பாடு. 9 சும்மா இருக்கட்டும்.

சால்டரிங் அயர்னை எடுக்கும் முன் ஒரு எச்சரிக்கை. பெண் கனெக்டரை முன்பக்கம் பார்த்தால் ஒரு வரிசை, பற்றவைக்கும் பின்பக்கம் பார்த்தால் இடம் வலமாக மாறிய வரிசை. புத்தகப் படத்தைப் பார்த்துப் பின்பக்கம் பற்றவைப்பவர்கள் பாதிப்பேர் மாட்டிக் கொள்வது இங்கேதான். படத்தை மறந்துவிட்டு, பிளாஸ்டிக்கில் பொடி எழுத்தில் பதித்திருக்கும் எண்ணை வெளிச்சத்தில் பிடித்துப் படியுங்கள். இன்னொரு பொறி: 25 பின் கனெக்டரில் 2 என்பது வாய், 3 என்பது காது, 7 என்பது கிரவுண்டு. ஒன்பதுக்கு நேர் தலைகீழ். எனவே 9-க்கும் 25-க்கும் நல் மோடம் கேபிள் செய்தால் 2-க்கு 2, 3-க்கு 3, 5-க்கு 7. நேராகப் போட்டாலே குறுக்காகிவிடும்! இந்த ஒரு வரிக்காகவே இந்தப் பக்கத்தைக் கிழித்து வைத்துக் கொள்ளலாம்.

விளையாட்டை ஓட்டும் முன் கேபிளைச் சோதியுங்கள். ஆர்எஸ்-232ல் 1 என்றால் மைனஸ் 3 முதல் மைனஸ் 15 வோல்ட் வரை. 0 என்றால் பிளஸ் 3 முதல் பிளஸ் 15 வரை. யாரும் பேசாத நேரத்தில் லைன் 1-லேயே, அதாவது மைனஸிலேயே நிற்கும். ஆகவே கேபிளின் ஒரு முனையை ஓடிக் கொண்டிருக்கும் கம்ப்யூட்டரில் செருகுங்கள். மறுமுனையில் மல்டிமீட்டரின் கறுப்பு முனையை 5-லும் சிவப்பை 2-லும் வையுங்கள். மைனஸ் 5-லிருந்து மைனஸ் 12-க்குள் ஏதாவது காட்டினால் சபாஷ்! அங்கே ஒன்றுமில்லாமல் 3-ல் காட்டினால் நீங்கள் செய்திருப்பது நேர் கேபிள். அப்புறம் கேபிளைத் திருப்பிப் போட்டு அதே சோதனை. ஓம்ஸில் வைத்து 'பீப்' கேட்பதை விட இது மேல் என்பது என் கருத்து. கம்பி முழுசாக இருக்கிறதா என்பதோடு போர்ட் உயிரோடு இருக்கிறதா என்பதும் ஒரே அளவில் தெரிந்துவிடும்.

இப்போது கொஞ்சம் கணக்கு. டூமின் சீரியல் நிரலில் சாதாரண வேகம் 9600 பாட். எட்டு டேட்டா பிட், ஒரு ஸ்டார்ட், ஒரு ஸ்டாப், பாரிட்டி இல்லை. ஆக ஒரு பைட்டுக்கு 10 பிட். செகண்டுக்கு 960 பைட். 35-ஆல் வகுத்தால் ஒரு டிக்குக்கு 27 பைட்டுக்குச் சற்று மேல். நம் சரக்கு எவ்வளவு? சாவிச் செய்தி 8. அதன் தலைப்பு 8: பிழை கண்டுபிடிக்கும் செக்சம் 4, டிக் எண், ஆட்டக்காரர் எண் முதலியன 4. பொட்டலம் இங்கே முடிகிறது என்று சொல்லும் அடையாளம் 2. கூட்டினால் 18. 27-க்குள் 18 தாராளமாக அடங்குகிறது. இதையே 4800-ல் ஓட்டினால் ஒரு டிக்குக்கு 13 பைட் சொச்சம்தான்; 18 அடங்காது. ஏன் 9600 என்று புத்தகம் சொல்லாததை இந்த வகுத்தல் கணக்கு சொல்லிவிடுகிறது பாருங்கள். நேரமும் சரி: 18 பைட் போய்ச் சேர 18.75 மில்லி செகண்ட். ஒரு டிக் 28.6 மில்லி செகண்ட். அடுத்த டிக் பிறக்கும் முன் இது போய்ச் சேர்ந்துவிடும். வாய்க்குத் தனிக் கம்பி, காதுக்குத் தனிக் கம்பி என்பதால் இரண்டு திசைக்கும் தனித்தனியாக இந்த வேகம் உண்டு.

அந்த முடிவு அடையாளத்தில் ஒரு சின்ன சாமர்த்தியம். ஹெக்ஸாடெசிமல் 70 என்ற பைட்டும் அடுத்து 0-வும் வந்தால் பொட்டலம் முடிந்தது என்று அர்த்தம். சரி, சரக்குக்குள்ளேயே 70 வந்துவிட்டால்? அதை இரண்டு முறை அனுப்பிவிடுகிறது. இரண்டு 70 வந்தால் "இது சரக்கு", 70-ம் 0-வும் வந்தால் "இது முடிவு". பைட் ஸ்டஃபிங் என்று டேட்டா கம்யூனிகேஷன் பாடத்தில் வருகிறதே, அதேதான்.

நிஜமான டாஸ் மெஷினில் 'செட்டப்' நிரலைத் திறந்து, சீரியல் ஆட்டம் என்பதையும் எந்தக் காம் போர்ட் என்பதையும் தேர்ந்தால் போதும். மவுஸ் காம் 1-ல் இருந்தால் கேபிள் காம் 2-ல். காம் 3-ஐத் தொடாதீர்கள். அது காம் 1-ன் ஐஆர்க்யூ 4-ஐயே பங்கு போடும், மவுஸும் ஆட்டமும் சண்டை போட்டுக் கொள்ளும். காம் 2-க்கு ஐஆர்க்யூ 3.

மூன்று நான்கு பேர் ஆட வேண்டுமானால் நோவெல் கம்பெனியின் ஐபிஎக்ஸ் நெட்வொர்க் முறை. இதில் ஒரு பழைய வம்பு உண்டு. முதலில் வந்த டூம், ஒவ்வொரு பொட்டலத்தையும் நெட்வொர்க்கில் உள்ள எல்லாருக்கும் 'பிராட்காஸ்ட்' செய்தது. நாலு பேர் மூலையில் உட்கார்ந்து ஆடினால், ஆடாத மெஷின்கள் எல்லாம் அந்தப் பொட்டலங்களைத் திறந்து திறந்து பார்த்துக் களைத்துப் போயின. ஆபீஸ், பல்கலைக்கழக நெட்வொர்க்குகள் திணறின. 1.2 பதிப்பில் இதைச் சரி செய்தார்கள். பிராட்காஸ்ட் என்றால் ஏன் நெட்வொர்க் ஆட்கள் முகம் சுளிக்கிறார்கள் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

"எங்களிடம் காம் போர்ட்டும் இல்லை, டாஸும் இல்லை, லேப்டாப்தான் இருக்கிறது" என்பவர்களுக்கு டாஸ்பாக்ஸ் இருக்கிறது. இலவச நிரல், பழைய டாஸ் மெஷின் போலவே நடிக்கும். சீரியல் கேபிளையும் நடிக்கும், ஐபிஎக்ஸையும் நடிக்கும். விண்டோஸ் விஸ்டாவிலிருந்து ஐபிஎக்ஸையே எடுத்துவிட்டார்கள், ஆனாலும் கவலை இல்லை. டாஸ்பாக்ஸ் அந்தப் பொட்டலத்தை யுடிபி உறைக்குள் போட்டு அனுப்பிவிடும். கீழே உள்ள கட்டளைகளை அச்சுக்காகத் தமிழில் தருகிறேன். அடிக்கும்போது ஆங்கில எழுத்தில் அடிக்கவும்.

டாஸ்பாக்ஸின் கான்ஃபிக் கோப்பில் ஐபிஎக்ஸ் பகுதியில் 'ஐபிஎக்ஸ்=ட்ரூ' என்று மாற்றுங்கள். ஒருவர் மெஷினில் 'ஐபிஎக்ஸ்நெட் ஸ்டார்ட்சர்வர் 19900' என்று அடியுங்கள். மற்றவர்கள் 'ஐபிஎக்ஸ்நெட் கனெக்ட் 192.168.1.10 19900'. நடுவில் உள்ளது முதல் மெஷினின் ஐபி எண். உங்களுடையது வேறாக இருக்கும். கடைசி எண் போர்ட். சொல்லாவிட்டால் டாஸ்பாக்ஸ் 213 எடுத்துக் கொள்ளும், ஆனால் லினக்ஸில் 1024-க்குக் கீழே உள்ள போர்ட்டைச் சாதாரணப் பயனர் திறக்க முடியாது. அதனால் பெரிய எண். பிறகு எல்லாரும் டூமின் செட்டப்பில் நெட்வொர்க் ஆட்டத்தைத் தேர்ந்து, எத்தனை பேர் என்று ஒரே எண்ணைக் கொடுக்க வேண்டும்.

சீரியலாகவே ஆட ஆசையா? முதல் மெஷினில் 'சீரியல்1=நல்மோடம் போர்ட்:5000', இரண்டாவதில் 'சீரியல்1=நல்மோடம் சர்வர்:192.168.1.10 போர்ட்:5000'. நாம் பற்றவைத்த கேபிள் இப்போது வைஃபையில் மிதக்கிறது! யுஎஸ்பி-சீரியல் கன்வர்ட்டர் வைத்திருப்பவர்கள் 'சீரியல்1=டைரக்ட்சீரியல் ரியல்போர்ட்:காம்3' என்று கொடுத்து நிஜக் கேபிளையும் மாட்டலாம். இங்கே காம் 3 என்பது விண்டோஸ் வைத்த பெயர்தான், மேலே சொன்ன ஐஆர்க்யூ சண்டை இதற்குக் கிடையாது.

இரண்டு இடத்தில் மட்டும் உஷார். டாஸ்பாக்ஸின் 'சைக்கிள்ஸ்' தொடக்கத்தில் 3000 என்று இருக்கும். டூமுக்கு அது ஆமை வேகம். எல்லா மெஷினிலும் 20000-க்கு மேல் வையுங்கள். ஒருவர் மறந்தால் வண்டியே மெதுவாகும், மாடு உதாரணம் நினைவிருக்கட்டும். அடுத்து விண்டோஸ் ஃபயர்வால். முதல் முறை கேட்கும்போது பலர் பயந்து 'கேன்சல்' அடித்துவிடுகிறார்கள். வீட்டு நெட்வொர்க், போன் ஹாட்ஸ்பாட் என்றால் 'பிரைவேட்'டுக்கு அனுமதி கொடுங்கள். 'பிங்' போகவில்லை என்பதை வைத்து இணைப்பே இல்லை என்று முடிவு கட்ட வேண்டாம். பிங்கை மட்டும் ஃபயர்வால் மறித்துக் கொண்டிருக்கலாம்.

ஊருக்கு ஊர் ஆடுவது சிரமம். வீட்டு ரூட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் செய்தாலும், ரூட்டரின் வெளி முகவரி 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் ஆரம்பித்தால் அது உங்களுக்கே உரிய முகவரி இல்லை. கம்பெனி ஒரே முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கு போட்டுக் கொடுத்திருக்கிறது. வெளியிலிருந்து யாரும் உங்கள் கதவைத் தட்ட முடியாது. மொபைல் டேட்டாவில் பெரும்பாலும் இதே கதைதான். விடுதிக்குள் ஆடுவதே உத்தமம்.

எங்கள் வீட்டில் பாலிடெக்னிக் வாசல் ஏறிய முதல் ஆள் நான். "என்னதான்பா படிக்கிற?" என்று அப்பா கேட்கும்போது ஆர்எஸ்-232 என்று சொன்னால் அவருக்கு என்ன புரியும்? அவர் வேலை பார்க்கும் பட்டறையில் ஒரு பழைய சிஎன்சி லேத் இருக்கிறது. அதன் பெட்டியில் 25 பின் கனெக்டர். புரோகிராமை உள்ளே அனுப்பும் கேபிள் அறுந்து போனதால் ஆபரேட்டர் ஒவ்வொரு வரியாகக் கையால் அடித்துக் கொண்டிருந்தார். போன லீவில் நான் பற்றவைத்துக் கொடுத்தது டூமுக்குச் செய்த அதே கேபிள்தான்: 2-க்கு 2, 3-க்கு 3, 5-க்கு 7, கூடவே இரு முனையிலும் அந்த "தயார்" இணைப்புகள். செட்டிங்தான் வேறு. டூமில் எட்டு பிட், பாரிட்டி இல்லை. பல சிஎன்சி கன்ட்ரோல்களில் ஏழு பிட், ஈவன் பாரிட்டி, இரண்டு ஸ்டாப் பிட். மெஷினின் பாராமீட்டர் பக்கத்தைப் பார்த்துவிட்டுத்தான் கம்ப்யூட்டரில் வைக்க வேண்டும். இரண்டும் ஒத்துப் போகாவிட்டால் திரையில் குப்பை எழுத்து வரும். கேபிளை மாட்டும்போது இரண்டு பக்கமும் பவர் ஆஃப், எர்த் சரியாக இருக்கிறதா என்றும் பார்க்கவும். இது விளையாட்டு இல்லை, லட்சக்கணக்கில் விலை போன போர்டு. முதலில் பத்து வரிச் சின்னப் புரோகிராம் அனுப்பி, திரும்ப வாங்கி, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தோம். அப்புறம்தான் பெரியதை அனுப்பினோம். அப்பா பக்கத்திலேயே நின்று பார்த்துக் கொண்டிருந்தார். "இதுக்கா ராத்திரியெல்லாம் கேம் ஆடுன?" என்றார். ஆமாம் என்றேன்.

கேபிள் செய்து பார்க்க விரும்பும் முதலாம் ஆண்டுத் தம்பி தங்கைகள் சனிக்கிழமை மதியம் எலக்ட்ரானிக்ஸ் லேபுக்கு வரலாம். கனெக்டர் நான்கு ஜோடி இருக்கிறது. மல்டிமீட்டர் மட்டும் யாராவது கொண்டு வரவும். என்னுடையதில் பேட்டரி தீர்ந்துவிட்டது.